குளிர்ந்த மூலைதான் நிறத்தைத் தீர்மானிக்குது: மெட்டல் ஹாலைடு விளக்கின் ஆர்க் டியூப்

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு நேயர் அனுப்பின வாய்ஸ் நோட். ஷட்டில் ஆடுறவர். "கரண்ட் ரெண்டு செகண்டுதான் போச்சு. ஃபேன் உடனே சுத்துது. ஆனா மேலே இருக்கற பெரிய லைட்டெல்லாம் பத்து நிமிஷம் கழிச்சுதான் வருது. அதுவும் ஒண்ணு பச்சையா, ஒண்ணு ரோஸா. ஏன்?" கேள்வி அவ்வளவுதான். ரெண்டு வரியில் பதில் அனுப்பிடலாம்னு உட்கார்ந்தேன், ரெண்டு வாரம் போயிடுச்சு.

இது அவருக்கு மட்டும் நடக்கற விஷயம் இல்லை. 2013 பிப்ரவரி 3, அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து சூப்பர்டோம் அரங்கத்தில் சூப்பர் பௌல் போட்டி. நம்ம கணக்கில் உலகக் கோப்பை ஃபைனல் மாதிரின்னு வெச்சுக்கோங்க. மூணாவது குவார்ட்டர் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்தில் மின்சாரக் கோளாறு, பாதி அரங்கம் இருட்டு. ஆட்டம் 34 நிமிடம் நின்னு போச்சு. அங்கேயும் மேலே இருந்தது மெட்டல் ஹாலைடு விளக்குகள்தான். கரண்டைத் திருப்பிக் கொடுத்தாலும் அது உடனே எரியாது. முதல்ல ஆறணும், அப்புறம் பத்தணும், அப்புறம் மெதுவா முழு வெளிச்சத்துக்கு வரணும். யார் அவசரப்படுத்தினாலும் அது தன் வேகத்தில்தான் ஆறும்.

முதல்ல பேர்க் குழப்பத்தைத் தீர்த்துடுவோம். கடையில் பல பேர் இதை ஹாலோஜன்னு சொல்லிடுவாங்க. ஹாலோஜன் வேற. அதில் குண்டு பல்பு மாதிரியே டங்ஸ்டன் கம்பி சூடாகி எரியுது. மெட்டல் ஹாலைடில் அந்தக் கம்பியே கிடையாது. பெரிய வெளிக் கண்ணாடிக்குள்ள ஒரு சின்னக் குழாய் தொங்கும். 400 வாட் விளக்கில் அது கிட்டத்தட்ட உங்க விரல் அளவு. அதுதான் ஆர்க் டியூப். வெளிச்சம் மொத்தமும் அதுக்குள்ள இருந்துதான் வருது. வெளிக் கண்ணாடியோட வேலை சூட்டைப் பிடிச்சு வைக்கறதும், புற ஊதாக் கதிரைத் தடுக்கறதும், உள்ளே இருக்கற உலோகப் பாகங்களைக் காற்றுகிட்ட இருந்து காப்பாத்தறதும்.

அந்த விரலுக்குள்ள என்ன இருக்கு? ரெண்டு முனையிலும் டங்ஸ்டன் எலக்ட்ரோடு. நடுவில் கொஞ்சம் ஆர்கான் வாயு, ஒரு துளி பாதரசம், சில மில்லிகிராம் உப்பு. உப்புன்னா நம்ம சமையல் உப்போட சொந்தக்காரங்கதான். சமையல் உப்பு சோடியம் குளோரைடு, இங்கே சோடியம் அயோடைடு. கூடவே ஸ்காண்டியம், தாலியம், இண்டியம், டிஸ்புரோசியம் இதோட அயோடைடுகள், கம்பெனிக்குத் தகுந்த மாதிரி. சோக்கும் இக்னைட்டரும் சேர்ந்து ஒரு சில ஆயிரம் வோல்ட் துடிப்பு கொடுத்ததும் ஆர்கான் வழியா மின்சாரம் பாய ஆரம்பிக்குது. அந்தச் சூட்டில் பாதரசம் ஆவியாகுது, அப்புறம் உப்பு உருகி ஆவியாகுது. முழு வெளிச்சத்தில் நடுவில் ஓடற ஆர்க் 5000 டிகிரி செல்சியஸையும் தாண்டும். சூரியனோட மேற்பரப்பு கிட்டத்தட்ட 5500 டிகிரி. அதிலிருந்து ஒரு சென்டிமீட்டர் கூட இல்லாத தூரத்தில் குழாயோட சுவர், அது 900 டிகிரியைத் தாண்டக் கூடாது. இன்னைக்குப் பேசப் போறதெல்லாம் இந்த ஒரு சென்டிமீட்டருக்குள்ள நடக்கற பஞ்சாயத்துதான்.

ஏன் உப்பு? சோடியத்தையே நேரடியா போட்டா என்னன்னு கேட்கலாம். நேரடியா போட்டா சூடான சோடியம் குவார்ட்ஸ் சுவரைத் தின்னுடும். ஸ்காண்டியம் மாதிரி உலோகமோ அந்தச் சூட்டில் போதுமான அளவு ஆவியே ஆகாது. அயோடைடா கட்டிக் கொடுத்தா சுவர்ப் பக்கம் சாதுவா இருக்கும், சுலபமா ஆவியாகும். ஆவியான மூலக்கூறு நடுவில் இருக்கற ஆர்க்குக்குள்ள போனதும் உடையுது. உலோகம் தனியா, அயோடின் தனியா. தனியான உலோகம் தன்னோட நிறத்தில் ஒளி வீசுது. சுவர்ப் பக்கம் திரும்பி வரும்போது ரெண்டும் மறுபடி சேர்ந்துக்குது. டவுன் பஸ் மாதிரி நாள் முழுக்க இதே ரூட்.

இந்த யோசனை பழசு. ஜெனரல் எலெக்ட்ரிக்கில் இருந்த சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ் 1912-லேயே பாதரச ஆர்க்கில் ஹாலைடு சேர்க்கறதுக்குக் காப்புரிமை வாங்கியிருக்கார். ஆனா அதைக் கடையில் விற்கற விளக்கா மாத்த ஐம்பது வருஷம் ஆச்சு. அதே கம்பெனியில் கில்பர்ட் ரைலிங் 1961-ல் காப்புரிமைக்கு விண்ணப்பிச்சார், 1964 நியூயார்க் உலகக் கண்காட்சியில் விளக்கு பொதுமக்கள் கண்ணில் பட்டது. வெறும் பாதரச விளக்கு, அதாவது நம்ம பழைய தெருவிளக்கு மெர்க்குரி லைட், ஒரு வாட்டுக்கு 50 லூமென் கொடுத்தா பெரிய விஷயம். அதில் முகம் நீலம் பூத்து, பிணக் களையா தெரியும். உப்பு சேர்த்ததும் வெளிச்சம் 80-க்கு மேல போச்சு, நிறமும் மனுஷ நிறமா ஆச்சு.

இப்போ முக்கியமான இடம். குழாய்க்குள்ள போட்ட பாதரசம் மொத்தமும் ஆவியாயிடும். அதனால பாதரச அழுத்தம் எவ்வளவு மில்லிகிராம் போட்டாங்க, குழாயோட கொள்ளளவு என்னங்கறதைப் பொறுத்தது. ஆர்க்குக்கு எத்தனை வோல்ட் வேணுங்கறதை முக்கியமா அந்த பாதரச அழுத்தமும் எலக்ட்ரோடுகளுக்கு நடுவில் இருக்கற இடைவெளியும்தான் தீர்மானிக்குது. ஆனா உப்பு அப்படி இல்லை. உப்பை வேணும்னே அதிகமா போடுவாங்க. கொஞ்சம் ஆவியாகும், மிச்சம் திரவமா குழாயிலேயே எங்கேயோ தேங்கி நிற்கும். எங்கே? குழாயிலேயே குளிர்ந்த இடம் எதுவோ அங்கே.

இட்லிப் பானையை நினைச்சுக்கோங்க. உள்ளே எல்லா இடத்திலும் நீராவி, ஆனா தண்ணி சொட்டறது மூடியில்தான். ஏன்னா அதுதான் இருக்கறதிலேயே குளிர்ந்த இடம். மூடின பாத்திரத்தில் ஆவி அழுத்தத்தை நிர்ணயிக்கறது சராசரி வெப்பம் இல்லை, ரொம்பச் சூடான இடமும் இல்லை. குளிர்ந்த மூலை. ஆர்க் டியூப்பிலும் அதேதான். நடுவில் 5000 டிகிரி இருந்தாலும், ஒரு ஓரத்தில் 700 டிகிரி இருந்தா, உப்போட ஆவி அந்த 700 டிகிரிக்கு உரிய அளவுதான். அந்த மூலையை இன்னும் கொஞ்சம் சூடாக்கினா ஆவி கிடுகிடுன்னு ஏறும், நேர்கோட்டில் இல்லை. அதிகமா ஆவியானா வெளிச்சமும் கூடும், நிறமும் நல்லா வரும்.

அப்போ மொத்தக் குழாயையும் சூடாக்கிடலாமே? முடியாது. அதே குழாயில் இன்னொரு இடம் ஏற்கெனவே எல்லையில் நிற்குது. குவார்ட்ஸ் உருக 1600 டிகிரிக்கு மேல ஆகும், சரி. ஆனா ஆயிரக்கணக்கான மணி நேரம் 900-ஐத் தாண்டி வெச்சா அது கண்ணாடித் தன்மையை இழந்து பால் மாதிரி படிகமாக ஆரம்பிக்கும். உப்பும் சுவரோட வேதிவினை புரிய ஆரம்பிக்கும். ஆக, குளிர்ந்த இடம் வெளிச்சத்தையும் நிறத்தையும் தீர்மானிக்குது, சூடான இடம் ஆயுளைத் தீர்மானிக்குது. ரெண்டும் ஒரே விரலில், சில சென்டிமீட்டர் தள்ளி. நான் படிச்ச வரைக்கும், ஆர்க் டியூப் வடிவமைப்புன்னு ஐம்பது வருஷம் நடந்ததில் பெரும் பகுதி இந்த ரெண்டு இடத்தோட வெப்பத்தையும் கிட்டக் கொண்டு வர்ற முயற்சிதான்.

நேயரோட கேள்விக்கு இப்போவே பதில் சொல்லிடலாம். விளக்கு எரியும்போது உள்ளே அழுத்தம் காற்றழுத்தத்தை விடப் பல மடங்கு. குளிர்ந்த நிலையில் ஆர்கானோட அழுத்தம் வெளிக்காற்றை விட ரொம்பக் குறைவு, அப்போ எலக்ட்ரான் தாராளமா ஓடி வேகம் எடுத்து அடுத்த அணுவை உடைக்கும். சூடா இருக்கும்போது அது திருவிழாக் கூட்டத்தில் ஓடப் பார்க்கற மாதிரி. ரெண்டு அடி வைக்கறதுக்குள்ள இன்னொருத்தர் மேல மோதும். அந்தக் கூட்டத்தை உடைக்கப் பல பத்தாயிரம் வோல்ட் வேணும், சாதாரண இக்னைட்டரிடம் அது கிடையாது. அதனால கரண்ட் ரெண்டு செகண்டு போனாலும் பாதரசம் ஆறி அழுத்தம் இறங்கற வரைக்கும் காத்திருக்கணும். பச்சை, ரோஸ் விஷயம் குளிர்ந்த மூலையோட வேலை. தாலியம் பச்சை, சோடியம் ஆரஞ்சு கலந்த மஞ்சள், இண்டியம் நீலம். ஒரே மாடல், ஒரே பெட்டியில் வந்த ரெண்டு விளக்குன்னாலும், குவார்ட்ஸைச் சூடாக்கி இடுக்கியில் நசுக்கி மூடறதால முனை வடிவம் ஒரு மில்லிமீட்டர் இப்படி அப்படி வரும். அந்த மில்லிமீட்டர் குளிர்ந்த மூலையைச் சில டிகிரி மாத்தும். உப்புகள் ஒவ்வொண்ணும் வேற விகிதத்தில் ஆவியாகும். நிறம் மாறிடும்.

எங்க வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு செட்டிங்கை மாத்தினா ஒண்ணுதான் மாறணும், அப்படித்தான் எழுதணும்னு சொல்லிக் கொடுப்பாங்க. ஆர்க் டியூப்பில் அந்தச் சௌகரியமே கிடையாது. குழாயை ஒல்லியா ஆக்கினா சுவர் ஆர்க்குக்குப் பக்கத்தில் வந்துடும், சுவர் சூடாகும். குட்டையா ஆக்கினா முனைகள் சூடாகும், ஆனா ஆர்க் நீளம் குறையும், வோல்ட் இறங்கும், அதை ஈடு கட்ட பாதரசம் கூட்டணும், கூட்டினா அழுத்தம் ஏறும். எலக்ட்ரோடை உள்ளே இன்னும் நீட்டினா அதுக்குப் பின்னால இருக்கற பகுதி நிழலில் போய்க் குளிரும். பின்னால தள்ளினா மூடின பாகத்தில் சூடு ஏறும். சில இடத்தில் சுலபமான தந்திரமும் இருக்கு: குழாயின் ரெண்டு முனையிலும் வெள்ளையா ஒரு பூச்சு பூசுவாங்க, சிர்கோனியா மாதிரி பொருள். அது சூட்டைத் திருப்பி உள்ளே அனுப்பி முனையைச் சூடா வைக்கும். பழைய விளக்கைக் கையில் எடுத்துப் பார்த்தீங்கன்னா அந்த வெள்ளைத் தொப்பி தெரியும். அழுக்குன்னு நினைச்சுடாதீங்க.

மூடறதைப் பத்திச் சொல்லியே ஆகணும். குவார்ட்ஸ் சூட்டில் விரியவே மாட்டேன்னு அடம் பிடிக்கற பொருள். உலோகம் விரியும். மாலிப்டினம் குவார்ட்ஸை விடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு விரியும். தடித்த கம்பியைக் குவார்ட்ஸுக்குள்ள புதைச்சா, ஆறும்போது விரிசல் விட்டு வாயு வெளியே போயிடும். இதுக்கு வந்த தீர்வு எனக்கு ரொம்பப் பிடிச்சது. கம்பிக்கு நடுவில் ஒரு துண்டு மாலிப்டினம் தகடு, தலைமுடியை விட மெல்லிசு, ஓரங்கள் கத்தி முனை மாதிரி அரிச்சு எடுத்தது. அவ்வளவு மெல்லிசா இருக்கறதால அது விரியற விசையை உடையாம தானே தாங்கிக்குது. விரிவை நிறுத்தல, விரிவால உண்டாகற விசையைச் சின்னதாக்கிட்டாங்க. ஆனா அந்தத் தகடு காற்றில் 350 டிகிரிக்கு மேல போனா துருப் பிடிச்சு வீங்கி, மூடின இடத்தை வெடிக்க வைக்கும். அதனால வெளிச்சம் தர்ற இடம் சூடா இருக்கணும், அதுக்கு அடுத்த சென்டிமீட்டர் குளிர்ச்சியா இருக்கணும். பஞ்சாயத்தில் மூணாவது ஆள்.

சோடியம் காணாமப் போற கதைதான் இதில் எனக்கு ரொம்பச் சுவாரஸ்யம். விளக்கு எரிய எரிய சில குழாய்களில் சோடியம் குறைஞ்சுக்கிட்டே போகும். ஓட்டை கிடையாது, விரிசல் கிடையாது. நிறம் நீலப் பக்கம் நகரும், வோல்ட் ஏறும், கடைசியில் எரிஞ்சு அணைஞ்சு, எரிஞ்சு அணைஞ்சு நின்னு போகும். காரணம் குழாய்க்கு வெளியே இருக்கு. மேல் முனைக்கு மின்சாரம் கொண்டு போக ஒரு கம்பி, ஆர்க் டியூப்புக்குப் பக்கத்திலேயே ஏறிப் போகும். குழாயில் இருந்து வர்ற புற ஊதாக் கதிர் அந்தக் கம்பியில் பட்டு எலக்ட்ரான்களைத் தட்டி விடுது. பிளஸ் டூ இயற்பியலில் படிச்ச அதே ஒளிமின் விளைவு. அந்த எலக்ட்ரான்கள் போய் ஆர்க் டியூப்போட வெளிச்சுவரில் ஒட்டிக்குது. வெளியே எதிர்மின், உள்ளே சுவரை ஒட்டிச் சோடியம் அயனி, அது நேர்மின். இழுக்குது. சுவர் 800, 900 டிகிரியில் இருக்கும்போது சோடியம் அயனி குவார்ட்ஸுக்குள்ளேயே நுழைஞ்சு ஊர்ந்து வெளியே வந்துடும், அவ்வளவு சின்னது அது. வெளியே வந்து எலக்ட்ரானை வாங்கி ஆவியாகிப் போயிடும். உள்ளே துணை இல்லாத அயோடின் மட்டும் மிஞ்சும்.

இதுக்கான வைத்தியம் குழாயை மாத்தறது இல்லை, கம்பியை மாத்தறது. கம்பியை மெல்லிசாக்கி, வளைச்சு, வெளிக் கண்ணாடியை ஒட்டிக் கொண்டு போனாங்க. சிலர் கம்பிக்கு மேல உறை போட்டாங்க. வெளிக் கண்ணாடிக்குள்ள வெற்றிடத்துக்குப் பதிலா நைட்ரஜன் நிரப்பினாங்க. பிரச்சினை தெரியற இடமும் காரணம் இருக்கற இடமும் வேற வேறங்கறது, ராத்திரி பதினொரு மணிக்குச் சர்வர் லாக் படிச்சவங்களுக்குப் புரியும்.

அடுத்தது படுக்கை வாட்டம். சூடான வாயு மேலே எழும்பும். குழாயை நிமிர்த்தி வெச்சா ஆர்க் நேரா இருக்கும், மேல் முனை கொஞ்சம் அதிகச் சூடு, உப்பு கீழ் முனையில் தேங்கும். படுக்க வெச்சா ஆர்க் வில் மாதிரி மேலே வளைஞ்சு மேல் சுவரைச் சுட ஆரம்பிக்கும், கீழ்ச் சுவர் குளிர்ந்து போகும். அதாவது சூடான இடம், குளிர்ந்த இடம் ரெண்டும் இன்னும் விலகிப் போச்சு. ஆயுளும் போச்சு, நிறமும் போச்சு. அதனால படுக்கையில் எரிக்கறதுக்குன்னே குழாயையும் வில் மாதிரி வளைச்சுச் செஞ்சாங்க. ஆர்க் எப்படி வளையுதோ அதே வளைவு, சுவர் எல்லா இடத்திலும் சம தூரம். ஆனா அந்த விளக்கைத் தலைகீழா திருகிட்டா நிலைமை முன்னை விட மோசம். அதுக்கு அடிப்பாகத்தில் ஒரு சின்ன முள் வெச்சு, ஹோல்டரில் ஒரே நிலையில்தான் நிற்கற மாதிரி பண்ணினாங்க. பெட்டியில் "இந்த நிலையில் மட்டும் எரிக்கவும்"னு படம் போட்டிருந்தா அது அலங்காரம் இல்லை.

இவ்வளவும் குவார்ட்ஸை வெச்சுக்கிட்டு நடந்த போராட்டம். பெரிய தாவல் பொருளை மாத்தினப்போதான் வந்தது. 1950-களின் கடைசியில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆராய்ச்சிக் கூடத்தில் ராபர்ட் கோபிள்ங்கறவர் அலுமினியம் ஆக்சைடு பீங்கானை ஒளி ஊடுருவற மாதிரி செஞ்சார். சாதாரண அலுமினாப் பீங்கான் சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளையா இருக்கக் காரணம் உள்ளே சிக்கின நுண்ணிய காற்றுத் துளைகள். சூளையில் சுடும்போது பீங்கான் மணிகள் வேகமா வளர்ந்து துளைகளை உள்ளேயே விழுங்கிடும். மிகக் கொஞ்சம் மெக்னீசியா கலந்தா மணிகள் நிதானமா வளரும், துளைகள் ஓரம் வழியா வெளியேறிடும். மிஞ்சறது நெய்த்தாள் மாதிரி ஒளியை விடற பொருள். எதிர்ப்பக்கம் தெளிவா தெரியாது, ஆனா வெளிச்சம் கிட்டத்தட்ட முழுக்க வெளியே வரும். லூகலாக்ஸ்னு பேர் வெச்சாங்க. சோடியம் அதில் ஊர முடியாது. மஞ்சள் சோடியம் தெருவிளக்கு சாத்தியமானதே இதனால்தான்.

அதை மெட்டல் ஹாலைடுக்குக் கொண்டு வர இன்னும் முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஃபிலிப்ஸ் 1994-ல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. தாமதத்துக்கு முக்கியக் காரணம் மறுபடியும் மூடறதுதான். அலுமினாவை உருக்கி நசுக்க முடியாது. அதே அளவு விரியற உலோகம் நியோபியம் இருக்கு, சோடியம் விளக்கில் அதுதான் போகுது. ஆனா ஹாலைடு உப்பு நியோபியத்தை அரிச்சுடும். கடைசியில் குழாயின் ரெண்டு பக்கமும் நீளமா, ஒல்லியா வால் விட்டாங்க. உப்புப் படற உள் பகுதியில் மாலிப்டினம் மாதிரி பொருள், வாலோட கடைசியில் மட்டும் நியோபியம், அதையும் கண்ணாடி மாதிரியான ஒட்டுப் பொருளால் மூடினாங்க. வால் நீளமா இருக்கறதால மூடின இடம் குளிர்ச்சியா இருக்கும். அதுக்கு விலையும் உண்டு: உப்பில் ஒரு பங்கு அந்த வாலோட இடுக்கில் போய் உட்கார்ந்துக்கும், அதனால முன்கூட்டியே கூடுதலா போடணும்.

கிடைச்ச பலன் பெருசு. சுவர் 1100, 1200 டிகிரி வரைக்கும் போகலாம், அதனால குளிர்ந்த மூலையும் மேலே ஏறுச்சு. பொடியை அச்சில் வார்த்துச் சுடறதால அளவுகள் துல்லியம், ஒரு விளக்குக்கும் இன்னொண்ணுக்கும் நிறம் ஒத்துப் போச்சு. கடைகளில் இது பரவினதுக்குக் காரணம் இதுதான். பட்டுப்புடவையோட அரக்குக்கும் மெரூனுக்கும் வித்தியாசம் தெரியலைன்னா வியாபாரம் நடக்காது. முதல் பீங்கான் குழாய்கள் டப்பா மாதிரி, மூலையோட இருந்தது. மூலை குளிரும், மூலையில் விரிசலும் விடும். அப்புறம் உருண்டையா செய்ய ஆரம்பிச்சாங்க. உருண்டைக்கு மூலையே கிடையாதே.

எலெக்ட்ரானிக்ஸ் ஆட்களுக்கு ஒரு விஷயம். கனமான செம்புச் சோக்கைத் தூக்கிட்டு உயர் அலைவரிசை எலெக்ட்ரானிக் சோக் போட்டா நல்லதுதானேன்னு தோணும், டியூப் லைட்டில் அப்படித்தான் பண்ணினோம். ஹாலைடில் போட்டா ஆர்க் பாம்பு மாதிரி நெளியும், அணையும், சுவரைத் தொட்டுக் குழாயையே உடைக்கும். ஏன்னா ஆர்க் டியூப் ஒரு புல்லாங்குழல். மின்சாரம் ஏறி இறங்கும்போது வாயு சூடாகி, ஆறி, ஒலி அலை உண்டாகுது. குழாயின் நீள விட்டத்துக்குப் பொருந்தற அலைவரிசையில் அது ஒத்ததிர்வு ஆயிடும். கிலோஹெர்ட்ஸ் பகுதி முழுக்க இந்தச் சுரங்கள் நெருக்கமா உட்கார்ந்திருக்கு. அதனால பெரும்பாலான எலெக்ட்ரானிக் சோக்குகள் சில நூறு ஹெர்ட்ஸில் சதுர அலையா ஓட்டுது. சதுர அலையில் திசை மாறினாலும் சக்தி கிட்டத்தட்ட மாறாம இருக்கும். குழல் ஊதப்படாது.

காரில் இருக்கற செனான் ஹெட்லைட்டும் இந்தக் குடும்பம்தான், பேரில் செனான்னு இருந்தாலும் உள்ளே ஹாலைடு உப்பு உண்டு. 1991-ல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸில் வந்தது. 35 வாட், எலக்ட்ரோடு இடைவெளி நாலு மில்லிமீட்டர் சொச்சம். எதிரில் லாரி வரும்போது பத்து நிமிஷம் காத்திருக்க முடியாதே. அதனால ஆர்கானுக்குப் பதில் அதிக அழுத்தத்தில் செனான் அடைச்சாங்க, அது அந்த நொடியே ஒளி தரும், உப்பு அப்புறம் சேர்ந்துக்கும். சூட்டோட பத்த வைக்க இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல கொடுக்கற இக்னைட்டரும் கூடவே வருது. சூப்பர்டோமில் இல்லாத வசதி இது. பின்னால பாதரசத்தை எடுத்துட்டுத் துத்தநாக அயோடைடு போட்ட மாடல்கள் வந்தது. பாதரசம் போனதும் ஆர்க் வோல்ட் 85-ல் இருந்து 42-க்கு இறங்குச்சு. அதே 35 வாட்டுக்கு ரெண்டு மடங்கு கரண்ட், அதுக்குத் தடித்த எலக்ட்ரோடு.

கடைசியா ஒரு முக்கியமான விஷயம், ஷட்டில் ஆடறவங்களும் பள்ளி உள்விளையாட்டு அரங்கம் பார்த்துக்கறவங்களும் கேளுங்க. இந்தக் குழாய் வயசானா சில சமயம் அமைதியா சாகாது, வெடிக்கும். 900 டிகிரிக் குவார்ட்ஸ் துண்டு வெளிக் கண்ணாடியையும் உடைச்சுக்கிட்டு விழலாம். ஆயுள் முடிஞ்ச விளக்கை "இன்னும் எரியுதே"ன்னு விட்டு வைக்காதீங்க. நாள் முழுக்க அணைக்காம எரியற இடத்தில் வாரம் ஒரு தடவை 15 நிமிடமாவது அணைச்சுப் போடச் சொல்றாங்க தயாரிப்பாளர்கள். பலவீனமான குழாய் ஓடிக்கிட்டே வெடிக்கறதுக்குப் பதிலா, திரும்பப் பத்தும்போதே பத்தாம நின்னு போக வாய்ப்பு. திறந்த ஃபிட்டிங்குக்குன்னு ஆர்க் டியூப்பைச் சுத்தி இன்னொரு குவார்ட்ஸ் கவசம் போட்ட விளக்கு தனியா உண்டு. கண்ணாடி மூடி போட்ட ஃபிட்டிங்குக்கான சாதா விளக்கை மூடி இல்லாம மாட்டாதீங்க.

அதை விட ஆபத்தானது சத்தமே இல்லாதது. பந்து பட்டு வெளிக் கண்ணாடி மட்டும் உடையும், உள்ளே ஆர்க் டியூப் பாட்டுக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கும். வெளிச்சம் வருது, ஆட்டம் தொடருது. ஆனா புற ஊதாவைத் தடுத்துக்கிட்டிருந்த கண்ணாடி இப்போ இல்லை. அமெரிக்காவில் பள்ளி ஜிம்களில் இப்படி நடந்து, சாயந்திரம் வீட்டுக்குப் போனவங்களுக்கு ராத்திரி கண்ணில் மணல் போட்ட மாதிரி எரிச்சல், தோலில் வெயில் பட்ட மாதிரி சிவப்பு. வெல்டிங்கை வெறும் கண்ணால பார்த்தா வர்ற அதே வலி. அங்கே உணவு மருந்து நிர்வாகம் இதுக்கு விதி வெச்சிருக்கு: வெளிக் கண்ணாடி முழுசா உடைஞ்சா 15 நிமிடத்துக்குள்ள தானே அணையற விளக்குக்கு 'டி' குறி, அணையாததுக்கு 'ஆர்' குறி. உங்க அரங்கத்தில் வெளிக் கண்ணாடி உடைஞ்சும் எரியற விளக்கைப் பார்த்தா, கேம் எந்தப் பாயின்ட்டில் இருந்தாலும் சரி, முதல்ல சுவிட்சை ஆஃப் பண்ணச் சொல்லுங்க. ஆறட்டும், பத்து நிமிஷம் ஆகும்னு உங்களுக்குத்தான் தெரியுமே. உடைஞ்ச துண்டைக் கையால எடுக்காதீங்க, உள்குழாயும் உடைஞ்சிருந்தா ஜன்னலைத் திறந்துட்டு ஆட்களை வெளியே அனுப்புங்க, அதுக்குள்ள பாதரசம் இருக்கு.

அடுத்த எபிசோடில் எல்இடி டிரைவர். அந்த நேயர் அனுப்பின மாதிரி கேள்வி இருந்தா வாய்ஸ் நோட்டாவே அனுப்புங்க, ரெண்டு நிமிஷத்துக்குள்ள இருந்தா எனக்குப் புண்ணியம்.